மூன்றாம் மாடி நலம்

"உடம்பு சரியில்லாதவங்க நல்லா இருக்கேன்னு சொன்னா அது பொய்யாப்பா?"

சென்னியப்பனின் மகள் மித்ரா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பொய் இல்ல கண்ணு, மரியாதை" என்றான். குழந்தை நம்பிவிட்டது. குழந்தைகள் நம்பிவிடுவதுதான் பெரியவர்களுக்குக் கிடைக்கும் பெரிய தண்டனை.

அந்த ஊரில் நல ஆணையம் ஒன்று இருந்தது. அது நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒவ்வொரு வீட்டையும் "நலமா?" என்று கேட்கும். வீடு "நலம்" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று தரம் கேட்டும் பதில் வராவிட்டால் வண்டி வரும். வண்டியில் வைத்தியர் இருப்பார், தூக்குவதற்கு ஆட்கள் இருப்பார்கள், கம்பளி இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டி வந்துபோன வீட்டில் அப்புறம் யாரும் பெண் எடுப்பதில்லை.

நிமிஷத்துக்கு ஒரு தரம் பதில் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? வசதி உள்ளவர்கள் வெளிநாட்டு சர்வர் கணினிகளிடம் அந்த வேலையை ஒப்படைத்திருந்தார்கள். சென்னியப்பன் பேக்எண்ட் புரோகிராமர், திரைக்குப் பின்னால் ஓடும் நிரல்களை எழுதுபவன். வீட்டிலேயே ஒரு சர்வர் வைத்திருந்தான். திரை உடைந்த பழைய லேப்டாப். பேட்டரி செத்துப்போனது. பரணில், சீர்வரிசைப் பாத்திரங்களுக்கு நடுவே, சின்ன விசிறி ஒன்றின் காற்றில் அது உட்கார்ந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் அதன் நெற்றியில் இருந்தது.

முதலில் அது அவன் வீட்டுக்கு மட்டும் பதில் சொன்னது. பிறகு அந்த மாடியில் இருந்த எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னது. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்கிற மனசு சென்னியப்பனுக்குக் கிடையாது.

அதில் ஓடிய நிரலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. யார் கேட்டாலும், எந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும், "நலம்" என்று சொல். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற வேலை அதில் இல்லை. அந்த வரிக்கு மேலே, "இதைப் பிறகு ஒழுங்காகச் செய்ய வேண்டும்" என்று அவனே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதியது. அவன் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அப்படி எழுதி வைப்பார்கள். அந்தப் 'பிறகு' யாருக்கும் வந்ததில்லை.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. பார்க்காமல் சொன்ன ஒவ்வொரு நலத்துக்கும் மாடியில் வீடுகளுக்கு நடுவே இருந்த நடை கொஞ்சம் நீண்டது. எதிரெதிரே இருந்த கதவுகள் விலகிப் போயின. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினார்கள். கூட்டிப் பெருக்க இன்னொரு ஆள் போடுவதென்று முடிவாயிற்று.

எதிர்வீட்டில் மாராத்தாள் இருந்தார். தனியாள். இட்லி மாவு அரைத்து விற்பவர். ஒருநாள் காலையில் அவர் நடந்து வந்து கதவைத் தட்டினார். மூச்சு வாங்கியது.

"தம்பி, ஒரு நிமிசமுங்க. வேலையா இருக்கீங்களாட்ட இருக்குது."

"சொல்லுங்க அக்கா."

அவர் முந்தானையை விலக்கினார். வலது கை முழங்கைக்குக் கீழே ஆட்டுக்குழவியாக மாறியிருந்தது. நல்ல கருங்கல். உளி கொத்திய புள்ளிகள் கூடத் தெரிந்தன.

"வலிக்குதுங்களா?"

"வலி இல்லீங். கனந்தான்."

"எப்ப இருந்து?"

"மொதல்ல வெரலு மட்டுந்தான் இருந்துச்சு. மாவு ஆட்டச் சௌரியமா இருக்குதேன்னு உட்டுட்டேன். இப்ப மேல ஏறுதுங்க."

"ஆணையத்துக்குப் போன் பண்ணீங்களா?"

"பண்ணுனனுங்க. மாராத்தாள் நலமாத்தான் இருக்காங்க, நீங்க யாரு பேசறதுன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படீங்களா, சந்தோசமுங்கன்னு வெச்சுட்டேன்."

சென்னியப்பனுக்கு அரை நாள் விடுப்பு கிடைத்தது. அவரை ஆணையத்துக்கு அழைத்துப்போனான். அங்கே வரிசை இல்லை. ஊரில் எல்லோரும் நலமாக இருந்ததால் யாரும் வருவதில்லை. ஜன்னலுக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மாள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"இவங்களுக்கு உடம்பு சரியில்லீங்க" என்றான் சென்னியப்பன்.

"யாரு சொன்னா?"

"அவங்களே சொல்றாங்க."

"சொல்லத் தெம்பு இருக்குதுல்ல? அப்புறமென்ன, நலந்தான்."

"கையைப் பாருங்க மேடம்."

"பாக்கறது எங்க வேலை இல்லீங்க. கேக்கறதுதான் வேலை." அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் குனிந்தார். "நலமாம்மா?"

மாராத்தாள் பழக்க தோஷத்தில் சிரித்தார். "நல்லா இருக்கேனுங்க. நீங்க?"

"இருக்கேன்" என்றார் அந்த அம்மாள். அவர் கண் கலங்கியது. அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. பிறகு ஒரு கை பட்டாணியை மாராத்தாளின் முந்தானையில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பதில் வராட்டித்தான் வண்டி வரும். அதுக்கு மேல என்னால முடியாது சாமி."

பஸ்ஸில் திரும்பும்போது குழவிக் கையை இருவரும் மடியில் பகிர்ந்து வைத்துக்கொண்டார்கள்.

"ஏனக்கா, உங்க வீட்டுல கிரைண்டர் இருக்குதுல்ல? எதுக்குக் கையில ஆட்டுறீங்க?"

மாராத்தாள் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கிரைண்டர் போட்டா லைட்டு மங்குதுங்க. உங்க பெட்டி நின்னு போயிருது. ஒருக்கா அப்படி நின்னு போயித்தான உங்க மாமியாரை வண்டி வந்து தூக்கிட்டுப் போச்சு? அவங்களைத் திருப்பிக் கூட்டியாரதுக்கு நீங்க அலைஞ்ச அலைச்சல நான் பாத்தனுங்களே. அதான், கையிலயே ஆட்டிக்கலாம்னு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"இதைப் போயி என்னத்தச் சொல்றது? ஒரு படி மாவுதானுங்க."

மாமியார் திரும்பி வந்ததிலிருந்து அந்த சர்வர் இரண்டு வருஷமாக ஒரு நொடியும் நிற்காமல் ஓடியது. அதை அவன் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தான். அது ஓடியது அவன் கெட்டிக்காரத்தனத்தில் அல்ல. ஒரு கையில்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன் அக்கா" என்றான். "உங்க வீட்டுக்கு மட்டும் பதில் போகாம நிறுத்திடறேன். வண்டி வந்துரும்."

"உங்க சௌரியம் பாத்துச் செய்யுங்க தம்பி."

பத்து வரி எழுதினால் போதும். எந்த வீட்டைக் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மட்டும் வாய் மூட வேண்டும். அவன் உட்கார்ந்தான். ஆபீசிலிருந்து போன் வந்தது. அங்கே சர்வர் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தினான். மறுபடி உட்கார்ந்தான். மறுபடி படுத்தது. அந்த ஞாயிறு போயிற்று. அடுத்த வாரம் மேலாளர் கூட்டம் கூட்டினார்.

"உன் வீட்டு சர்வர் ரெண்டு வருஷமா நின்னதே இல்லையாமே. எப்படின்னு நம்ம பசங்களுக்குக் கொஞ்சம் சொல்லேன்."

சென்னியப்பன் எழுந்து நின்று சொன்னான். சீரான மின்சாரம் என்றான். எளிய வடிவமைப்பு என்றான். மாராத்தாள் என்று சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தனை பேருக்கும் கை, கையாகவே இருந்தது.

அன்றைக்கு நடை ஒரே மூச்சில் ஒரு தெரு அளவுக்கு நீண்டது.

அடுத்த ஞாயிறு காலை கோயிலுக்குப் புறப்பட்டவன் வாசலில் நின்றான். மனிதர் ஒருவரை நலமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றால் அதுவே பாதிப் பூசை என்பார்கள். அவன் நிற்காதவன். தேங்காய் பழத்தை உள்ளே வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்தான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான்.

கதவு திறந்திருந்தது. மாராத்தாள் முன்னறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கல் கழுத்துவரை ஏறியிருந்தது. அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை.

"யாருங்?" என்றார்.

ஓசைப்படாமல் சமையலறைக்குள் போனான்.

அரிசியும் உளுந்தும் ஊறி, ஊறலும் புளித்திருந்தது. வாடிக்கைக்காரர்கள் கொண்டுவந்து வைத்த தூக்குப் பாத்திரங்கள் மேடையில் காத்திருந்தன. மூலையில் பழைய சேலை போர்த்திய கிரைண்டர். சேலையை எடுத்து மடித்து வைத்தான். டப்பாக்களிலிருந்து புது அரிசியும் உளுந்தும் எடுத்துக் கழுவி ஊற வைத்தான். அந்த வீட்டில் இரண்டும் உடனே ஊறின. உளுந்தைப் போட்டுத் தண்ணீர் தெளித்து சுவிட்சைத் தட்டினான்.

விளக்கு மங்கியது. கிரைண்டர் கடகடவென்று சுற்றியது. வெகு தூரத்தில், அவன் வீட்டுப் பரண்மேல், அந்தச் சின்ன விசிறி நின்றது. அது இங்கே கேட்காது. அவனுக்குக் கேட்டது.

"நலமா?" என்று கூரையிலிருந்து ஆணையத்தின் குரல் வந்தது.

இரண்டு வருஷமாக அந்தக் குரலைக் கேட்காத மாடி திடுக்கிட்டது. கதவுகள் திறந்தன. வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்து தங்கள் வாயாலேயே கத்தினார்கள். "நலம்! நலம்!" அதில் அவன் மாமியாரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"நலமா?" என்றது குரல், இந்த வீட்டை.

"நல்லா இருக்கேனுங்க" என்றார் மாராத்தாள்.

கிரைண்டர் சத்தத்தில் அது எங்கும் எட்டவில்லை. சென்னியப்பன் ஒரு கை அரிசியை உள்ளே தள்ளினான். சத்தம் இன்னும் கூடியது.

"நலமா?"

"இருக்கேனுங்க."

"நலமா?"

"கேக்கலீங்களா?"

வண்டி வந்தது. அவன் சமையலறைக் கதவின் பின்னால் நின்றுகொண்டான். வைத்தியர் மாராத்தாளின் தோளைத் தட்டிப் பார்த்தார். கல்லைத் தட்டிய ஓசை வந்தது.

"ஏம்மா, இத்தனை நாளா நலம்னு வந்துச்சே?"

"நல்லாத்தான் இருந்தனுங்க."

"கையி இனி கையாகாது. உசுரைப் பாப்போம்."

ஆட்கள் கம்பளியைப் போர்த்தி அவரைத் தூக்கினார்கள். கனம் தாளாமல் இரண்டு அடிக்கு ஒரு தரம் இறக்கி வைத்தார்கள். வாசலைத் தாண்டும்போது மாராத்தாள் பதறினார்.

"கிரைண்டர் ஓடிட்டிருக்குதுங்க. யாராச்சும் அணைங்க சாமி. எதிர்வீட்டுத் தம்பி பெட்டி நின்னு போயிரும்."

தூக்கியவர்களில் ஒருவன் நடையின் கோடிவரை பார்த்தான். "எதிர்வீடா? அப்படி ஒண்ணும் இல்லியேம்மா."

வண்டிச் சத்தம் தேய்ந்தது. வாசல்களில் நின்றவர்கள் இன்னும் நலம், நலம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

சென்னியப்பன் மாவை விரலால் எடுத்துப் பதம் பார்த்தான். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டான். பிறகு அணைத்து, குண்டானில் வழித்து, கல்லுப்பைப் போட்டு, முழங்கைவரை கையை விட்டுக் கலந்தான். வாடிக்கைக்காரர்களின் தூக்குகளில் ஊற்றினான். பொங்குவதற்கு இடம் விட்டு ஒவ்வொன்றையும் மூடினான். வாசல்படியில் வரிசையாக வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் கிளம்பினான். கையைக் கழுவிக்கொள்ளவில்லை.