வலது கண் வளையம்

அறையைப் பதிவு செய்தது என் மனைவி ஒல்த்யா, பிப்ரவரியில். ஏப்ரலில் இறந்துபோனாள். ரத்து செய்ய ஒரு போன் போதும். அதற்கும் அலுப்பாக இருந்தது. ஆகவே ஜூலையில் நான் மட்டும் துல்சேயாவில் படகேறி, டான்யூப் ஆறு கடலில் விழும் இந்த ஊருக்கு வந்தேன்.

முதல் நாள் டிராக்டர் இழுத்த பெட்டியில் குலுங்கியபடி கடற்கரைக்குப் போனேன். கால் நனைத்தேன். அதே டிராக்டரில் திரும்பினேன்.

அவளுடைய பைனாகுலரைக் கொண்டுவந்திருந்தேன். நாற்பதாம் நாள் அவளது உடைகளையும் செருப்புகளையும் மாமியார் தெருப் பெண்களுக்குக் கொடுத்தார். இறந்தவர் பேரில் கொடுப்பது அவருக்கே போய்ச் சேரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பைனாகுலரைக் கேட்டபோது தொலைந்துவிட்டது என்றேன். பார்வை தெளியத் திருப்பும் அதன் வலது கண் வளையம் அவள் பார்வைக்கேற்ப வைத்தபடியே இருந்தது. நான் அதைத் தொடுவதில்லை.

மறுநாள் காலை அறை தந்த வீட்டுக்காரம்மா மார்ஃபாதான் படகு ஓட்டினாள். ஐம்பது வயதிருக்கும்.

"ரெண்டு பேர்னு எழுதியிருக்கு. இன்னொரு ஆளு இன்னும் தூங்குதா?"

"செத்துட்டா."

சிலுவை போட்டுக்கொண்டாள். எடுத்து வைத்திருந்த இரண்டாவது மிதவைச் சட்டையைப் பலகைக்கடியில் தள்ளினாள்.

"சாப்டியா தம்பி?"

"ம்."

"பொய்."

மணல்திட்டில் பெலிக்கன்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. மார்ஃபா என்ஜினை நிறுத்தினாள். வலது கண்ணை மூடிக்கொண்டு பைனாகுலரில் பார்த்தேன்.

"என்ன தம்பி, ஒத்தக் கண்ணால குறி பாக்குற? சுடப் போறியா?"

"வலது பக்கம் மங்கலா இருக்குக்கா."

"குடு இங்க. படிச்ச புள்ளைங்களுக்கு இதுகூடத் தெரியல. வளையத்தத் திருப்பணும்."

"வேணாம்" என்பதற்குள் திருப்பிவிட்டாள்.

"அது அவ கண்ணுக்கு வெச்சது" என்றேன்.

மார்ஃபாவின் கை அப்படியே நின்றது.

"எந்தக் கோட்டுல இருந்துச்சு?"

"தெரியாது."

மூன்று மாதம் கையிலேயே இருந்தது. ஒரு நாளும் வளையத்தின் அளவுக் கோடுகளைப் பார்த்ததில்லை.

"இங்கயா? இதுக்குக் கொஞ்சம் முன்னாடியா?" முன்னும் பின்னும் திருப்பினாள். "அய்யோ, என் கையில கொள்ளி வெக்க. திட்டிடு தம்பி. வாய்க்கு வந்தபடி திட்டு."

"திட்டத் தெம்பில்லக்கா."

படகு தானாக மிதந்தது. கொசுக்கள் கழுத்தில் உட்கார்ந்தன. விரட்டவில்லை. அவள் பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. ஒல்த்யா பேருல" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு. வாங்கிட்டா திருப்பித் தரக் கூடாது."

"தெரியும்."

பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு இரு கையாலும் எடுத்தாள்.

"ஒல்த்யாவக் கடவுள் மன்னிக்கட்டும்." இறந்தவர் பேரில் வாங்குகிறவர்கள் சொல்லும் வார்த்தை அது.

கழுத்தில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பெலிக்கன்களைப் பார்த்தாள். பிறகு வாரைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தா, இப்ப இது என்னோடதுதான், திருப்பித் தரல. சும்மா பாரு. ரெண்டு கண்ணாலயும்."

வளையத்தை நானே திருப்பினேன். மங்கல் மெல்ல விலகியது. கரையோரம் நின்ற ஒரு பெலிக்கன், அலகை வானுக்குத் தூக்கி, பெரிதாகக் கொட்டாவி விட்டது.