உறுமத் தெரியாத நாய்

காலையில் ஜீனத் கறிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தட்டிக் கதவைத் தள்ளினால், அம்புரோஸ் வீட்டுக் கொல்லையில் கட்டியிருக்கும் நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். எழுந்து நிற்குமே தவிர, ஒன்றுகூட முனகாது. கல்மண்டபம் மார்க்கெட்டில் கழித்துப்போட்ட குடலையும் ஜவ்வையும் வாங்கி வந்து கொடுப்பது ஜீனத்தின் வேலை. எத்தனை வருஷமாக வந்தாலும் அந்த அமைதி அவளுக்குப் பழகவில்லை.

“இன்னாண்ணே, இது நாய் கீற வூடா, எழவு வூடா? எங்க தெருவுல என் கொழுந்தன் தும்முனா நாலு வூட்டுக்குக் கேக்கும். இங்க இத்தினி நாய வச்சிகினு ஒரு சத்தத்தக் காணோமே!”

இதைக் கேட்பதில் அம்புரோஸுக்குத் தனி சந்தோஷம். மீசையைத் தடவிக்கொள்வார்.

“அதாம்மா தொழிலு. என் கைக்கு வந்துட்சுன்னா நாயும் கப்சிப், மனுசனும் கப்சிப்.”

“அப்டியாக்கா?” என்று ஜீனத் சமையலறை வாசலைப் பார்த்துக் கேட்டாள். அம்புரோஸின் மனைவி ஃப்ளோரன்ஸ் சிரித்துக்கொண்டே வந்து கூடையை வாங்கிக்கொண்டாள்.

ராயபுரத்தில் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதில் நாய் பழக்குகிறவர் என்றால் அம்புரோஸ்தான். சின்ன வயதில் கப்பல் கம்பெனித் துரை ஒருவரின் பங்களாவில் நாய்களுக்குக் குளிப்பாட்டிவிடப் போனவர், துரை கப்பல் ஏறிப் போன பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டார். துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக்காரர்கள் தங்கள் காவல் நாய்களை அவரிடம்தான் விடுவார்கள். திருட வருகிறவனைக் கண்டால் குரைக்க வேண்டும். முதலாளியிடமும் வேலையாட்களிடமும் ஓர் உறுமல்கூடக் கூடாது. இதுதான் அவர்கள் கேட்பது.

அதற்கு அம்புரோஸ் ஒரு வழி வைத்திருந்தார். நாய் தின்றுகொண்டிருக்கும்போது தட்டைப் பிடித்து இழுப்பார். உறுமினால், தண்ணீரில் ஊறவைத்த தாம்புக்கயிற்றுத் துண்டால் மூக்கின்மேல் ஓர் அடி. மறுபடி உறுமினால் மறுபடி அடி. சில வாரங்களில் நாய்க்கு உறுமலே மறந்துபோகும். ஒப்படைக்கிற அன்று முதலாளி முன்னால் தட்டை வைத்து, பாதித் தீனியில் வெடுக்கென்று பிடுங்கிக் காட்டுவார். நாய் சிலைபோல நிற்கும். முதலாளி கை தட்டுவார்.

வீட்டுக்குள் அந்தக் கயிறு வந்ததில்லை. அம்புரோஸ் மனைவியின்மேலோ மகளின்மேலோ கை வைத்தவர் அல்ல. அதற்குத் தேவை இருக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் ஃப்ளோரன்ஸ் ஏதாவது மறுத்துச் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார். கையில் இருக்கிற தம்ளர் தரையில் ‘ணங்’கென்று விழும். நாளாவட்டத்தில் ஃப்ளோரன்ஸ் மறுத்துச் சொல்வதை விட்டுவிட்டாள். மகள் ஐரீன் பள்ளி இறுதி வகுப்புத் தேறியதும், “நைனா, டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போவட்டுமா?” என்று ஒருமுறை கேட்டாள். அதே பார்வை. அந்தக் கேள்வி அங்கேயே அடங்கிவிட்டது. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்து அம்புரோஸ் ராத்திரி ஜெபத்தில் ஆண்டவருக்கு நன்றிகூடச் சொல்லிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் கயிற்றுக்கடை அருள்பிரகாசம் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் கயிறு விற்கிறவர். கூடவே அவருடைய கறுப்பு நாய் கேப்டன், வாய் கட்டப்பட்டு, தலையைத் தொங்கப் போட்டபடி.

“இன்னா அம்புரோஸு, இதான் உன் லட்சணமா? கடையில கயிறு இழுக்கிற மண்ணாங்கட்டின்னு ஒருத்தன் கீறான்ல, அவன் கைய கடிச்சி கொதறிட்ச்சி!”

“மொதலாளி, கேப்டனா? நான் பழக்கினது அப்டி செய்யாதே. அவன் எங்கனா சீண்டியிருப்பான்.”

“சீண்டுறதா? அது துன்னுகினு கீது. இவன் பக்கத்துல கீற கயித்துச் சுருளை எடுக்கக் குனிஞ்சான். உறுமல் கெடையாது, பல்லக் காட்டல, ஒண்ணியும் காணோம். கப்னு புட்ச்சிட்ச்சி. பாவம், அவனுக்குத் தொப்புள சுத்தி ஊசி போட்டுகினு கீறாங்க.” அருள்பிரகாசம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கிறிஸ்மஸுக்கு முன்னாடி இத்த சரி பண்ணிக் குடு. இல்லாங்காட்டி கார்ப்பரேசன் நாய் வண்டிய வரச் சொல்லிட வேண்டிதான். எனக்கு மட்டும் ஆசையா? நானும் மனுசங்கள வச்சி வேலை வாங்கறவன்.”

நாய் வண்டியில் ஏறிய நாய் திரும்பி வராது என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். குட்டியாக வந்தபோது தன் மடியில் தூங்கிய கேப்டனை அம்புரோஸ் பார்த்தார். அது பார்வையை விலக்கிக்கொண்டது.

பாடம் போதவில்லை என்றுதான் அவர் நினைத்தார். அப்போதே கயிற்றை ஊறப்போட்டார்.

அலுமினியத் தட்டில் சோறும் குடலும் பிசைந்து வைத்தார். கேப்டன் தின்னத் தொடங்கியது. ஃப்ளோரன்ஸ் கஞ்சித்தண்ணிக் குண்டானோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அம்புரோஸ் மெல்லக் கையை நீட்டினார். கேப்டன் தின்பதை நிறுத்தியது. தலையைத் தூக்கவில்லை. முதுகு விறைத்தது. கடைக்கண்ணில் வெள்ளை விழி பிறைபோலத் தெரிந்தது. உறுமல் இல்லை.

‘அடங்கிட்டான்’ என்று நினைத்துத் தட்டைப் பிடித்தார்.

அவருடைய பார்வையின் ஓரத்தில், வாசலில் ஃப்ளோரன்ஸின் உதடுகள் பிரிந்தன. சத்தம் வரவில்லை.

அடுத்த நொடி கேப்டனின் பல் அவர் முழங்கைக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். ஃப்ளோரன்ஸ் சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக் கழுவி ஊற்றினாள். ஐரீன் ஓடிப்போய் ரிக்‌ஷா கூட்டி வந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, “நாயைக் கட்டிப்போட்டுக் கவனியுங்க, அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நல்லது” என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்குத் திரும்பி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அம்புரோஸுக்கு அந்த வாசல் ஞாபகம் வந்தது. பிரிந்த அந்த உதடுகளும்.

“ஏய் ஃப்ளோரா. அது கடிக்கப் போவுதுன்னு உனக்குத் தெரிஞ்சிச்சா?”

ஃப்ளோரன்ஸ் தரையைப் பார்த்தாள். “தெரிஞ்சிச்சு.”

“எப்டி?”

“துன்றத நிறுத்திட்ச்சு. ஒடம்பு கட்டை மாதிரி ஆயிட்ச்சு. கண்ணுல வெள்ளை தெரிஞ்சிச்சு. நீங்க இல்லாதப்ப நான்தானே இதுங்களுக்கு சோறு வைக்கிறேன். உறுமலன்னாலும் ஒடம்பு சொல்லும்.”

“அப்புறம் ஏன்டி சொல்லல? ஒரு கொரல் குடுத்திருந்தா கைய எடுத்திருப்பேனே!”

ஃப்ளோரன்ஸ் கோபம் சிறிதும் இல்லாமல், உலையில் அரிசி போட்டேன் என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

“வாயத் தொறந்தேங்க. கொரல் வரல. நீங்க வேலையா கீறப்ப குறுக்க பேசி எத்தினி வருசமாச்சு! எனக்கும் அந்த நாய்க்கும் ஒரே வாத்தியார்தானே?”

அம்புரோஸ் எழுந்து வெளியே போய்விட்டார்.

கால்கள் அவரை, ஆண்டவரின் முதல் சீடரான ராயப்பரின் கோயிலுக்குக் கொண்டுபோய் நிறுத்தின. மாலைச் செபமணி அடித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் முழந்தாளிட்டார். கையின் வலியைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அதிகமாக வலித்தது. ராயப்பரின் சொரூபத்தின் காலடியில் சின்னதாக ஒரு சேவல். ஆண்டவரைத் தெரியாது என்று மூன்றுமுறை மறுதலித்த ராயப்பரை மனம் திருப்பியது அந்தச் சேவலின் குரல்தான் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். கேட்டு என்ன பயன்? அன்றுதான் அது உறைத்தது. ‘அந்தச் சேவல் என் கைல கெடச்சிருந்தா அதையும் கூவாம பழக்கியிருப்பேன், ஆண்டவரே.’ ஆள் இல்லாத வரிசையில் அம்புரோஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் ஊறிக்கொண்டிருந்த கயிற்றை எடுத்து வெளியே தூர எறிந்தார்.

“ஃப்ளோரா, இத்த சரி பண்ண எனக்கு வழி தெர்ல. உனக்குத் தெரியும். நீ சொல்லு, நான் செய்றேன்.”

முதலில் ஃப்ளோரன்ஸ் நம்பவில்லை. கயிறு போட்டிருந்த வாளியை எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது.

“அப்போ கொஞ்சம் தள்ளி குந்துங்க,” என்றாள்.

அம்புரோஸ் தள்ளி உட்கார்ந்தார். ஐரீன் கதவின் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஃப்ளோரன்ஸ் சொன்னது இவ்வளவுதான். “உங்க கை வந்தா எடுக்க வருதுன்னு அது நெனச்சிகினு கீது. குடுக்க வருதுன்னு அதுக்குத் தெரியணும்.” கேப்டன் தின்னும்போது எட்டி நின்று ஒரு நல்ல கறித்துண்டை அதன் தட்டுப் பக்கம் போட வேண்டும். உடம்பு விறைத்தால் உடனே பின்வாங்க வேண்டும். கிட்டே போகிற அவசரம் கூடாது. அம்புரோஸ் அப்படியே செய்தார். ஜீனத்திடம் கழிவு வேண்டாம், நல்ல கறியாகக் கொண்டுவா என்று சொன்னார். “நாய்க்கா, உனக்கா?” என்று கேட்டுச் சிரித்தாள் ஜீனத்.

ஊசி எல்லாம் போட்டு முடிந்தது. கேப்டனுக்கு நோய் ஒன்றும் இல்லை. மார்கழிக் குளிர் ஆரம்பித்த ஒரு காலையில், தட்டுப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே கிட்டே போய்விட்ட அம்புரோஸின் காதில், தூரத்து லாரிச் சத்தத்தைப்போல ஒன்று விழுந்தது.

“உர்ர்ர்…”

“ஃப்ளோரா! ஃப்ளோரா! உறுமுதுடி!” பிள்ளை முதல் வார்த்தை பேசியதைக் கேட்ட தகப்பனைப்போலக் கத்தினார். இரண்டடி பின்வாங்கி, கையிலிருந்த கறியை முழுவதும் போட்டார். கேப்டன் அவரைப் பார்த்தது. முதுகு இளகியது. வால் நுனி ஒருமுறை அசைந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அருள்பிரகாசம் வந்தார். கூடவே கையில் இன்னும் காயம் ஆறாத மண்ணாங்கட்டி. வழக்கம்போலத் தட்டு வைக்கப்பட்டது. அம்புரோஸ் பிடுங்கவில்லை. முதலாளியே ஆவலோடு முன்னால் போனார். கேப்டன் தாழ்ந்த குரலில் உறுமியது.

அருள்பிரகாசம் துள்ளிப் பின்வாங்கினார். “யோவ், இன்னாய்யா இது! முன்னாடியாவது சும்மா இருந்திச்சு. இப்போ உறுமுது!”

“உறுமுதுல்ல? வேலை முடிஞ்சிட்ச்சு மொதலாளி.”

“டபாய்க்கிறியா? இத்த இஸ்துகினு போயி நான் இன்னா பண்ண? நாய் வண்டிதான்!”

இத்தனை வருஷமாக இந்த முதலாளிமார்களுக்குத் தவறான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அம்புரோஸ்தானே! அப்போது மண்ணாங்கட்டி முன்னால் வந்தான்.

“இருங்க மொதலாளி. அன்னிக்கு இது இப்டி ஒரு தபா உறுமியிருந்தா நான் வெலகிப் போயிருப்பேன். கடியும் இல்ல, ஊசியும் இல்ல. உறுமுற நாயி கடைல இருந்தா எனக்கு பயம் இல்ல. சும்மா கீற நாயிதான் பேஜாரு.”

கடிபட்டவனே சொன்ன பிறகு வேறு யார் என்ன சொல்ல? அருள்பிரகாசம் நாயைப் பார்த்தார், மண்ணாங்கட்டியைப் பார்த்தார். ஃப்ளோரன்ஸ் ஒரு கறித்துண்டை மண்ணாங்கட்டியின் கையில் கொடுத்தாள். “கிட்ட போவாதேப்பா. அங்கேர்ந்தே போடு.” அவன் போட்டான். கேப்டன் அதைத் தின்றுவிட்டு, அவன் நின்ற பக்கம் மூக்கை நீட்டி மோந்து, வாலை ஆட்டியது.

“சரிதான் போ,” என்று அருள்பிரகாசம் சிரித்துவிட்டார். “உறுமுனா நான் இன்னா பண்ணணும்?”

“அடிக்காதீங்க. இன்னா வேணும்னு பாருங்க.”

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஐரீன் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நைனா, நான் டைப்ரைட்டிங் கிளாஸ் போவணும். நீங்க வேணாம்னாலும் எனக்குப் போவணும்.”

அம்புரோஸுக்குப் பழைய சூடு தலைக்கு ஏறியது. கை தானாகத் தம்ளரைப் பிடித்தது. தாயும் மகளும் அந்தக் கையையே பார்த்தார்கள். ஐரீனின் உடம்பு விறைத்திருந்தது. அந்த விறைப்பை அவர் எங்கேயோ பார்த்திருக்கிறார்.

தம்ளரை மெல்லத் தள்ளி வைத்தார்.

“குந்தும்மா. குந்தி சொல்லு. எங்க கீது அந்தக் கிளாஸு?”

ஐரீன் சொன்னாள். ஃப்ளோரன்ஸ் குறுக்கே பேசினாள். ஐரீன் மறுத்தாள். அம்புரோஸ் பஸ் கூட்டத்தைப் பற்றி ஆட்சேபணை சொன்னார். “உங்களுக்கு இன்னா தெரியும்? நானே கொண்டுபோய் விடறேன்!” என்று ஃப்ளோரன்ஸ் அவரையே அடக்கினாள். மூன்று குரலும் ஒன்றாகக் கேட்டது. கொல்லையில் கட்டியிருந்த நாய்களும் சேர்ந்து குரைத்தன. கூடையைத் திருப்பி வாங்க வந்த ஜீனத் தட்டிக் கதவிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னாண்ணே, சத்தம் தெரு முனை வரிக்கும் கேக்குது! உன் கப்சிப் எங்க பூட்ச்சு?”

கழுவாத கையோடு அம்புரோஸ் வாசலுக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

“அத்த தூக்கிக் கடாசிட்டேம்மா. உறுமலை அடிச்சி அடக்குனா கோவம் போவறதில்ல, எச்சரிக்கதான் போவுது. நாயோ, பொண்டாட்டியோ, பெத்த புள்ளையோ, பயந்துகினு சும்மா கீறது அமைதி இல்ல ஜீனத். மனசுல கீறத பயமில்லாம சொல்ல முடியற வூடுதான் ஆண்டவர் குடியிருக்கிற வூடு.”