மூன்று பிரதிகள், ஐந்து பேர்

1

இந்தக் கதை கொல்லிமலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்குக் கிடைத்தது. கடைக்காரர் ஒரு பெண்ணிடம் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் விழாததுபோல் நின்றேன். மிச்சத்தை அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: மிளகுக் கொடிகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது யமுனா…

(விட்டுவிடுகிறேன். அன்று பனியே இல்லை. யமுனா பார்த்தது ஜெராக்ஸ் எந்திரத்தை மட்டும்தான்.)

2

யமுனா வாழவந்தி நாடு என்ற மலையூரில் ஒரு சிறு பொது நூலகத்தின் பொறுப்பாளர். கையில் நூலகத்தின் ஒரே பிரதி: போட்டித் தேர்வுக்கான பழைய கணக்குப் புத்தகம். பதிப்பகம் மூடிப் பல வருடமாயிற்று. நாமக்கல், சேலம், சென்னை என்று விசாரித்துவிட்டாள். எங்கும் விற்பனையில் இல்லை. மரவள்ளிக் காட்டு வேலைக்கு நடுவே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஐந்து பெண்களுக்கு, வேறெதிலும் புரியாத கணக்கு இதில்தான் புரிந்தது. தேர்வுக்கு நாற்பது நாள். அவர்களில் கோகிலாவுக்கு வயது நாற்பத்தொன்று. வயது வரம்புப்படி இதுவே கடைசி வாய்ப்பு.

நாலு பக்கமென்றால் எடுப்பாராம் கடைக்காரர் சதீஷ்குமார். முழுப் புத்தகமென்றால் கேஸ் வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பயத்தில் நியாயம் உண்டு. ஆசிரியர் இறந்து பன்னிரண்டு வருடம். பதிப்புரிமை இறப்புக்குப் பின் அறுபது வருடம் என்பதால் இன்னும் நாற்பத்தெட்டு வருடம் இருக்கும். அது முடியும்போது கோகிலாவுக்கு எண்பத்தொன்பது.

3

ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. விற்பனையில் கிடைக்காத நூலை, பொது நூலகப் பொறுப்பாளர் நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிகள் வரை எடுக்கலாம். அந்தப் பிரிவை யமுனா அச்செடுத்தே கொண்டுவந்திருந்தாள். தன் பொறுப்பில் எடுப்பதாகக் கையெழுத்தும் போட்டாள். சதீஷ்குமார் இரண்டு முறை படித்துவிட்டு எந்திரத்தை ஓட்டினார்.

மூலம் ஒன்று, நகல் மூன்று. ஆள் ஐந்து.

இங்கே எனக்கொரு சபலம். ஐந்தாவது பெண் கண்ணாயியை எழுதாமல் விட்டால் கதை சட்டத்துக்குள் அடங்கிவிடும். எழுதியும் பார்த்தேன்: அன்று கண்ணாயி வரவில்லை, ஏனென்றால்…

வந்திருந்தாள். சேற்றுக் காலைக் கழுவிவிட்டு நூலகத்தில் எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

4

புத்தகமென்றால் தைத்திருக்க வேண்டும் என்பது யமுனாவின் வழக்கம். நகல்களை பைண்டிங்குக்குக் கட்டினாள். யாருக்கு இல்லை என்று சொல்வது?

கோகிலா ஒரு கட்டை இழுத்து அவிழ்த்தாள். “ஏனுங்க மேடம், இதை எதுக்குத் தைக்கறீங்க? பன்னெண்டு பாடத்தையும் ஒரே நாள்ல படிக்க நாங்க என்ன கலெக்டருங்களா? பாடம் பாடமாக் குடுங்க. முடிக்க முடிக்க மாத்திக்கறோம்.”

“சதவீதப் பாடத்தை மட்டும் இவகிட்டக் குடுத்துறாதீங்க,” என்றாள் கண்ணாயி. “பரீட்சை முடிஞ்சாலும் திரும்பி வராதுங்க.”

யமுனா மூன்று நகல்களையும் பாடவாரியாகப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றினாள். மூலம் அலமாரிக்கே போயிற்று. நான்காவது நகல் தேவைப்படவில்லை.

5

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் மேலதிகாரி வந்து, சட்டம் சொல்வது நூலகப் பயன்பாடு, மரவள்ளிக் காடு நூலகமா என்று கேட்கிறார். மற்றதில் சட்டத்தைத் திருத்துகிறவர்கள் மூன்று என்ற எண்ணை அடித்துவிட்டு, படிக்கிறவர் எத்தனை பேரோ அத்தனை என்று எழுதுகிறார்கள். இரண்டுமே நடக்கவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

வரப்பில் வைத்துப் படிக்கும் தாள் நூலகத்துக்குள் இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? தீர்ப்பை நீங்களே எழுதுங்கள், வாசகரே. அவசரமில்லை. கோகிலா ‘காலமும் வேலையும்’ பாடத்தோடு பஸ் ஏறிவிட்டாள். நீங்கள் எப்படி எழுதினாலும், சனிக்கிழமைக்குள் அவள் அதை முடித்துக் கண்ணாயியிடம் கொடுத்தாக வேண்டும்.