மேடை இறங்கிய கணக்கு

தலைவர் பேச ஆரம்பித்த கால் மணி நேரத்தில் மேடை ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. தேர்தலுக்கு முந்தைய வருடம், வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் சுமார் எண்ணூறு பேர். மேடை போட்டவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். எந்தக் கட்சிக்கும் அவர்தான் போடுவார். இரும்புக் குழாய்களை முடுக்கி, பலகை பரப்பி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு காலிலும் தரை தொடும் இடத்தில் சாக்கட்டியால் கோடு இழுத்த பிறகே ஆளை ஏறவிடுவார். அன்று கூட்டம் கலைந்தபோது ஒரு கோடும் கண்ணில் படவில்லை. வேலை மட்டம் என்று கட்சிக்காரர்கள் அவரைத்தான் ஏசினார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தார் ரோட்டிலேயே போட்டுப் பார்த்தார். தாரும் விட்டுக்கொடுத்தது.

மேடைக்காரர் எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆனால் பையில் டேப் இருந்தது, பொறுமையும் இருந்தது. எந்தப் பேச்சுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கூட்டம் கூட்டமாக அளந்தார். கைதட்டலுக்கு அது அசையவில்லை. வெறும் பொய்க்குக் கால்கள் லேசாக முனகும், அவ்வளவுதான். ஒன்றோடொன்று ஒட்டாததை ஒட்டவைத்துப் பேசும்போதுதான் கிடுகிடுவென்று இறங்கியது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்டவனின் குடும்பத்தை இழுத்தால் இரண்டு விரற்கடை. நான் பதவிக்கு வந்தேன், மழை பெய்தது, ஆகவே மழை என்னால் பெய்தது என்றால் நான்கு. ஒன்று நான், இல்லாவிட்டால் நாடு நாசம் என்றால் முழுச் சாண். ஆறு மாதத்தில் டேப்பே தேவைப்படவில்லை. வாக்கியம் பாதியில் இருக்கும்போதே அளவைச் சொல்லிவிடுவார். மறுநாள் கடப்பாரையால் கால்களைத் தோண்டி எடுப்பதுதான் இடுப்பை ஒடித்தது.

இருந்தும் அவருக்கு உள்ளூர சந்தோஷம். அவருடைய தெருக் குழாயில் சாயப்பட்டறைக் கழிவு கலந்து தண்ணீர் மஞ்சளாக வந்தது. அதைக் குடித்து ஐந்து வயது மகளுக்கு வயிறு வீங்கிக்கொண்டே போயிற்று. பட்டறை தலைவரின் மைத்துனருடையது. இனிமேல் யாரும் யாருக்கும் விளக்க வேண்டாம், ஜனங்கள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்வார்கள், பட்டறைக்குப் பூட்டு விழும் என்று நம்பினார். பாவம், நல்ல மனுஷர்.

ஒரு கூட்டத்தில் அவர் மனைவியே எழுந்து நின்றாள்.

"ஐயா, குழாய்த் தண்ணியக் குடிச்சு எம்பொண்ணு வயிறு வீங்கிக் கெடக்குறா. பட்டறைக் கழிவ எப்ப நிறுத்துவீங்க?"

தலைவர் சிரித்தார். "எல்லையில நிக்கிற சிப்பாய் என்னைக்காவது நல்ல தண்ணி கேட்டிருக்கானா? இந்த அம்மா மட்டும் கேக்குறாங்கன்னா, இவங்க யார் பக்கம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க!"

மேடை சட்டென்று இடுப்பளவு இறங்கியது. கூட்டம் விசிலடித்தது. அதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மத்தியானமே துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். மறுநாளிலிருந்து தெருவில் இரண்டு வீட்டார் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். கழிவு எந்தக் குழாய் வழியாகக் கலக்கிறது, அதை அடைக்க எத்தனை நாள் ஆகும், முடியாதது எது என்று காகிதத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். மேடை ஒரு நூல்கூட இறங்கவில்லை. மேடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜனங்கள் பத்து நிமிடம் மேடையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்றதும் எழுந்து போனார்கள். இறங்காத மேடையில் ஏதோ கோல்மால் இருக்கிறது, அடியில் சிமென்ட் போட்டிருப்பான் என்று பேச்சு கிளம்பியது. டீச்சருக்கு விழுந்தது இருநூற்றுப் பதினோரு ஓட்டு.

தலைவர் ஜெயித்தார். நன்றி சொல்லிப் பேசிய அன்று முழுவதுமாகத் தரைக்குள் போய்விட்டார். மைக் வயர் மட்டும் குழிக்குள் ஓடியது, குரல் தெளிவாகவே கேட்டது. அதிகாரிகள் ஃபைல்களை வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். அவை கையெழுத்தாகி மேலே வந்தன. பட்டறை இன்னும் இரண்டு கட்டடம் பெரிதானது.

தலைவர் இருந்த குழியை ஒட்டி வெற்றி விழாவுக்கு மேடை போடச் சொல்லி ஆள் வந்தது. மத்தியானம் மேடைக்காரர் தரையில் சாப்பிட உட்கார்ந்தார். உள்ளறையில் மகள் படுத்திருந்தாள். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புள்ளைய இப்படிப் படுக்கப் போட்டுட்டு, அந்த ஆளுக்கு மேடை போடப் போறீங்களா?"

"நான் போடலன்னா வேற எவனாவது போடத்தான் போறான். எதிர்வீட்டுக்காரன் பட்டறைக்கே வேலைக்குப் போறான், அவனப் போய்க் கேட்டியா நீ?"

சொல்லும்போதே, இரண்டு பேச்சும் மேடையில் தான் அளந்த வகைதான் என்று அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஆனால் வாய் சொல்லி முடித்துவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த தரை, தட்டோடும் டம்ளரோடும், சத்தமில்லாமல் இறங்கியது. அளந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. மனைவி எழுந்து உள்ளறைக்கு மகளிடம் போனாள்.

விழா மேடை புதன்கிழமை தயாராகிவிட்டது. வீட்டில் அந்தப் பள்ளத்தை யாரும் மூடவில்லை. மகள் மட்டும் தடுக்கி விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர் வழக்கம்போல அங்கேயே சாப்பிட உட்கார்ந்தார். குனிந்து பரிமாற மனைவிக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.