மூன்றாம் ஓலை

பஸ்ரியாம்பிள்ளைக்குப் புற்றுநோய் என்று ஊர்காவற்றுறை முழுக்கக் கதை பரவியபோது, அவர் மனைவி மேரிஜோசப்பின் அதை மறுக்கவில்லை. மறுப்பானேன்? கண் மஞ்சள் பூத்து, கடலுக்குப் போய்வந்த உடம்பு மூன்றே மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டது. கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தும் செங்கமாரி இறங்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்துப் பார்த்து, கணையத்தில் கட்டி, அது பித்தக்குழாயை நெரிக்கிறது என்றார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஹோர்லிக்ஸ் போத்தல்கள் குவிந்தன. சம்பந்தியாகப் போகிற அல்போன்சம்மாவே மீன் சூப்போடு வந்து கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

மகள் நிலாந்திக்கும் அல்போன்சம்மாவின் மகன் ஜெனோசனுக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசித்தாயிற்று. தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சுவாமியார் சபையைக் கேட்கிற ஓலை. இன்னும் ஒரு ஞாயிறு வாசித்தால் சரி.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் துஷாந்தி பஸ்ரியாம்பிள்ளையின் கட்டிலடிக்கு வந்தார்.

“அம்மா, கட்டியில சோதிக்க எடுத்த சதைத்துண்டில புற்றுநோய் இல்லை. காசநோய் மாதிரிக் கிடக்கு. நெஞ்சு சுத்தம், ஆனா கணையத்துக்கும் அது வரும். கிருமிதான் அகப்படேல்லை. உங்கட வீட்டில ஆருக்கும் முந்திக் காசநோய் இருந்ததோ?”

“இல்லை” என்றாள் மேரிஜோசப்பின்.

பச்சைப் பொய். பஸ்ரியாம்பிள்ளையின் தமையன் அன்ரனிதாஸ் அதே வீட்டில் இருமி இருமி மூன்று வருடத்துக்கு முன் செத்தவர். காசநோய்க் குளிசையைப் பாதியில் விட்டவர். ஊருக்குத் தொய்வு, வெறும் மூச்சிழுப்பு என்று சொல்லித்தான் அடக்கம் செய்தார்கள். புற்றுநோய்க்காரன் வீட்டுக்குச் சூப் வரும். காசநோய்க்காரன் வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பெண் எடுப்பார்களா? நல்ல சனம்!

“அப்ப வயித்தை வெட்டித்தான் பாக்கவேணும். இந்த உடம்பு தாங்குமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. வீட்டில ஆருக்கும் காசநோய் இருந்ததெண்டால் இண்டைக்கே மருந்து தொடங்கலாம். மாறக்கூடிய வருத்தம், அம்மா.”

டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் பஸ்ரியாம்பிள்ளை மனைவியின் கையைப் பிடித்தார்.

“வாய் திறவாதை. மருந்து தொடங்கினால் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வருவார். ஊருக்கே தெரிஞ்சிடும். ஞாயிறு ஓலை வாசிக்கட்டும்.”

“அதுக்கிடையில உங்களை வெட்டப்போகினம்!”

“வெட்டட்டும். பிள்ளை கரைசேரட்டும்.”

“போங்கோ, நீங்களும் உங்கட ஓலையும்!”

அழுதபடியே டொக்டருக்குப் பின்னால் ஓடினாள். அன்ரனிதாசின் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் சீலைகளுக்கு அடியில் கிடக்கிறது என்பது வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அன்று பின்னேரமே மருந்து தொடங்கியது.

வெள்ளிக்கிழமை பரிசோதகரின் மோட்டார்சைக்கிள் வாசலில் நின்றது. இவருக்கு வந்திருப்பது ஒருவருக்கும் தொற்றாது என்று அயலட்டைக்கெல்லாம் அவர் விளங்கப்படுத்தினார். யார் கேட்டார்கள்? அன்றோடு சூப் நின்றுவிட்டது.

அதைக் கேள்விப்பட்டதும் பஸ்ரியாம்பிள்ளை வாயை இறுக்கிக்கொண்டார். “பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்துப்போட்டு நான் ஏன் இருப்பான்?” சனிக்கிழமைக் குளிசை மேசையில் அப்படியே கிடந்தது. தமையன் குளிசையை விட்டதும் இப்படித்தான்.

ஞாயிறு பூசையில் சுவாமியார் வேறு ஒரு சோடியின் ஓலையை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்தார். காலையிலேயே அல்போன்சம்மா போய் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். முன்வாங்கில் இருந்தவள் திரும்பியும் பார்க்கவில்லை. நிலாந்தி குனிந்த தலை நிமிராமல் தாயின் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தாள்.

கோயிலிலிருந்து நேரே பஸ் ஏறி மேரிஜோசப்பின் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

“வாசிச்சவையோ?” அவள் கதிரையில் இருக்கமுதலே அவர் கேட்டார்.

அவள் குளிசைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஓம், வாசிச்சவை. வடிவாக் கேட்டனான். விழுங்குங்கோ.”

அவர் கண் கலங்கச் சிரித்தார். ஒவ்வொன்றாக விழுங்கி முடிக்கும்வரை அவள் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.