பொன்னுத்துரை சாரிடம் ஒரு காலியிடம்

போன் அடித்தாலே மரியசெல்விக்கு எரிச்சல் வந்தது. வேறு யார், ஜீவிதாதான். தாவரவியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன் பேர்வழி என்று ஒரு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். பழைய மாணவி, முகத்தில் அடித்த மாதிரி சொல்லவும் முடியவில்லை.

"மேடம், கைடுங்களுக்கு மெயில் போட்டேனுங்க. ஒருத்தருகிட்ட இருந்தும் பதிலே இல்லைங்க."

"மெயில யாரு பாக்குறா? நேர்ல போ. அவங்க எழுதுன கட்டுரை ரெண்டையாவது படிச்சிட்டுப் போ. எந்தத் தலைப்புன்னாலும் பரவால்ல சார்னு மட்டும் சொல்லித் தொலைக்காத. அம்புட்டுத்தான், வெளிய அனுப்பிருவாங்க."

இதையே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லி வாய் வலித்திருக்கும்! அதில் சிலர் இப்போது பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். மரியசெல்வி மட்டும் திண்டுக்கல்லில் அதே கல்லூரியில், அதே கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரில்தான். கல்யாணம், பிள்ளைகள், மாமியாரின் ஆஸ்பத்திரி என்று ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே போய்விட்டது. இப்போது கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், வருகிற ஜூனுக்குள் பிஎச்.டி.க்குப் பதிவாவது செய்யாதவர்களுக்கு வகுப்பு கிடையாதாம்.

அவளுக்கு இருந்த ஒரே வழி மதுரையில் பொன்னுத்துரை சார். செடிகொடிகளுக்கு வரும் வாடல் நோயில் பெரிய ஆள். ஓய்வு பெறும் முன் இன்னும் ஒரே ஒருவரைத்தான் எடுப்பார். "மே மாசம் வாம்மா, பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மே பிறந்ததும் ஜீவிதாவிடமிருந்து போன்.

"மேடம், நீங்க சொன்னாப்டியே நேர்ல போனேனுங்க! பொன்னுத்துரை சாருங்க. ஒரே எடந்தான் இருக்குதாமுங்க. யோசிச்சுச் சொல்றேன்னாருங்க."

மரியசெல்விக்குப் பகீரென்றது. "அப்படியா, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே மதுரை பஸ் ஏறினாள்.

"வாம்மா, உன் ஸ்டூடண்ட் வந்துச்சே" என்று அவள் உட்காரும் முன்பே ஆரம்பித்தார் பொன்னுத்துரை. "என் கட்டுரையெல்லாம் படிச்சிட்டு வந்து கேள்வி கேக்குது. பொண்ணு எப்படி? எடுக்கலாமா?"

கொஞ்சம் சோம்பேறி சார் என்று ஒரு வார்த்தை போதும், கதை முடிந்தது. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நல்ல பொண்ணு சார். அவள மாதிரி ஒருத்தி என் கிளாஸ்ல இருந்ததில்ல." சொன்ன வாயையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "ஆனா அந்த எடம் எனக்கு வேணும் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார். "நான் யாருக்கும் வாக்குக் குடுக்கலம்மா. ரெண்டு பேரும் இண்டர்வியூவுக்கு வாங்க" என்றார்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவளே ஜீவிதாவைக் கூப்பிட்டாள். மறைத்து வைத்துப் பழக்கமில்லை.

"ஏ ஜீவிதா, அந்த எடத்துக்கு நானும் கேட்டுருக்கேன்டி."

"அய்யோ மேடம், சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் வேணும்னா வெலகி..."

"வெலகுறேன் கிலகுறேன்னு சொன்னா அறைஞ்சிருவேன். நானென்ன உங்கிட்டப் பிச்சையா கேக்குறேன்?"

ஜீவிதாவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "அப்ப சந்தேகம்னா இனி யாருகிட்டங்க கேக்கறது?"

மரியசெல்வி அங்கேயே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கால் கடுத்தது. "என்ன சந்தேகம்?"

"ஏன் இந்த வாடல் நோய்த் தலைப்புன்னு சார் கேட்டா என்னங்க சொல்றது? உலக உணவுப் பாதுகாப்புன்னு எழுதி வெச்சிருக்கேனுங்க."

உலக உணவுப் பாதுகாப்பாம்! இவள் அப்பாவுக்கு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு. அதில் வருடா வருடம் மரங்கள் வாடிப் பட்டுப்போகின்றன. படிக்கிற காலத்தில் வேர்த்துண்டைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து, "இது ஏனுங்க மேடம் சாவுது?" என்று கேட்டு நின்றவள் இவள். அதைச் சொன்னால் போதும், பொன்னுத்துரை வேறு யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார். மரியசெல்வியிடம் அப்படிச் சொல்ல எதுவும் இல்லை. அவள் வாடல் நோயைப் பார்த்ததெல்லாம் புத்தகத்தில். உலக உணவுப் பாதுகாப்பு என்றே சொல்லித் தொலையட்டுமே, நமக்கென்ன?

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். உன் பதில் என்னான்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் உங்களுக்கே அள்ளிக் குடுத்துட்டு நான் நடுத்தெருவுல நிக்கணுமா? உன் வீட்டச் சுத்தித்தான கெடக்கு, கண்ணத் தொறந்து பாரு!"

போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள்.

"தோப்புங்களா மேடம்?"

மரியசெல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"போன வைடி" என்றாள்.