வெயிலில் காயட்டும்

என் மருமகள் பஸ் ஓட்டுகிறாள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவள் ஒரு மாதமாக டிரைவர் சீட்டில் உட்கார முடியாமல் நெளிந்தாள். பிறப்புறுப்பில் அரிப்பு. விளம்பரத்தைப் பார்த்து வாசனைத் திரவம் வாங்கிக் கழுவினாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

லேடி டாக்டர் மருந்தோடு திட்டும் கொடுத்தார். "உள்ளே எதையும் விட்டுக் கழுவாதீங்க, அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். வெளியே வெறும் தண்ணி போதும். பருத்தி ஜட்டி போடுங்க. வேர்த்தா மாத்துங்க. ஈரத்தோட மட்டும் போடவே போடாதீங்க."

ஈரம் எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் ஒளித்து, குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் காயப்போடுவோம். அது எங்கே காய? மருமகள் மறுநாளே வாளியோடு மொட்டைமாடிக்குப் போய், கொடியில் நட்டநடுவே வரிசையாக மாட்டினாள். பார்த்த எனக்குக் கை கால் ஓடவில்லை.

அரிப்பு அடங்கியது. கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்துவிட்டார்.

"கௌரவமான குடும்பங்க இருக்கிற இடம் இது. அந்தக் கண்றாவியை எடுங்க. இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணுங்க."

இந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. மகன் ஏதாவது பேசுவான் என்று பார்த்தேன்; அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

மருமகள் குரலை உயர்த்தவே இல்லை. "சார், உங்க ஜட்டியும் அதே கொடியிலதான் தொங்குது. ஓட்டை வேற. நாங்க யாராவது வந்து கேட்டோமா? ஈரத்தோட போடாதீங்கன்னு டாக்டர் சொன்னாங்க; அரிப்பு நின்னப்புறம்தான் ஒழுங்கா வண்டி ஓட்டுறேன். அதை விட்டுத்தர மாட்டேன். காலி பண்ணச் சொன்னா பண்றோம். போற வீட்டுலயும் வெயில்லதான் காயும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மாமியாரோடதும் சேர்ந்து காயும்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று உறைத்தது.

வீட்டுக்காரர் "வா, போகலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்த அம்மா நகரவில்லை. என் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இறங்குகிறவர் காதிலும் விழும்படியே கேட்டார்:

"எனக்கும் ரெண்டு வருஷமா இருக்கும்மா. அந்த டாக்டர் எங்க இருக்காங்க?"